இதயத்தைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக்குப் போனோம்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே, சாலையோரம் தர்ப்பூசணிகளை மலைபோலக் குவித்து வைத்திருந்த ஓரிடத்தில், எங்கள் பேருந்து இருமியது, குலுங்கியது, நின்றேபோனது. ஓட்டுநர் சாவியைத் திருகிப் பார்த்தார். கழுதை கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்து அடங்கியது. நடத்துநர் எங்கள் பக்கம் திரும்பி, "ஆம்பளைங்கல்லாம் எறங்குங்கப்பா, ஒரு தள்ளு தள்ளிட்டா கெளம்பிடும்" என்றார்.

எல்லா ஆண்களும் இறங்கினார்கள், என் வீட்டுக்காரர் மாணிக்கத்தைத் தவிர. அவர் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, "நான் ஹார்ட் பேஷன்ட்" என்றார்.

நடத்துநர் அவரைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தார். "அப்ப நீ குந்து சார். யம்மா, நீ நல்லாதான இருக்குற? நீ எறங்கு."

அப்படித்தான் நான் சிங்கப்பூரிலிருந்து வந்து, சித்திரை வெயிலில், தமிழ்நாட்டுப் பேருந்து ஒன்றைத் தள்ளினேன். எங்கள் ஊரில் பேருந்து நின்றுவிட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்றை அனுப்புவார்கள். இங்கே யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் எனக்கு இருபுறமும் இருந்தவர்கள் "ம்ம்ம், தள்ளு!" என்று சத்தம் போட்டதில் எனக்கே ஓர் உற்சாகம் வந்துவிட்டது. வண்டி கிளம்பியது. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயத்தில் ஓட்டுநர் நிறுத்தாமலே உருட்டிக்கொண்டு போக, நாங்கள் பின்னாலேயே ஓடினோம். ஜன்னலில் என் வீட்டுக்காரரின் தலை தெரிந்தது. "மெதுவா ஓடு சாரதா! விழுந்துடப் போற!"

மூச்சிரைக்க ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "செகண்ட் கியர்ல போட்டுத் தள்ளியிருக்கணும். அந்த டிரைவருக்குத் தெரியல." மாணிக்கம் சிங்கப்பூரில் வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இந்தப் பயணமே அந்த ஹார்ட்டை முன்னிட்டுத்தான். போன வருடம் அவருக்கு ரத்தக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்த டாக்டர் எங்கள் மகளைவிடச் சின்னப் பெண். சில மாதங்கள் கழித்து எல்லாச் சோதனைகளையும் செய்துவிட்டு, "இனி நீங்க பழைய ஆள்தான் அங்கிள். நல்லா நடங்க, படி ஏறுங்க, வெயில் படட்டும், காய் பழம் சாப்பிடுங்க, தூங்குங்க, நாலு பேர்கிட்ட பேசுங்க" என்று சொல்லி அனுப்பினார். இவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. ஒரு மாடி ஏற லிப்டுக்குக் காத்திருந்தார். அரிசிப் பையைத் தூக்குவதை நிறுத்தினார். நண்பர்கள் கூப்பிட்டால் போவதில்லை. நாடித் துடிப்பைக் காட்டும் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டார். மணி என்ன என்று கேட்டால் எழுபத்தெட்டு என்பார்.

நான் ஒரு மனிதரோடு அல்ல, ஒரு நாடித் துடிப்போடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு சீராக வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டே படுத்திருந்து, எனக்கும் தூக்கம் போயிருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நோயாளி அவர்தானே.

எங்கள் மகள் கயல் லண்டனில் இருக்கிறாள். அங்கே இப்போது வசந்தம். உடம்பையும் மனதையும் வசந்த காலத்தில் எப்படி எளிதாகப் புதுப்பித்துக்கொள்வது என்று தினமும் ஒரு குரல் செய்தி அனுப்புவாள். "ஜன்னலைத் திறந்து வைங்கம்மா. லேசா ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பார்க்ல நடங்க. புதுசா பூத்த பூவைப் பாருங்க." சிங்கப்பூரில் இருப்பது ஒரே ஒரு பருவம். அதன் பெயர் ஈரம். ஆகவே, செஞ்சியிலிருந்து மாணிக்கத்தின் சித்தப்பா மகன் ஏழுமலை போன் செய்து, "புது வீடு கட்டிட்டன் அண்ணி, அண்ணன இட்டுனு வாங்க" என்றதும், சரி, வசந்தத்தை நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தேன். மாணிக்கம் மாட்டேன் என்றார். டிக்கெட் வாங்கிவிட்டேன் என்றேன்.

ஏழுமலை பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறார். கோடை வந்தால் சுற்றுவட்டாரத்து நிலங்களில் மோட்டார்கள் ஒவ்வொன்றாகக் கருகும். அவருக்கு அதுதான் அறுவடைக் காலம். பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்ததும் அவர் அண்ணனைக் கட்டிப் பிடிக்க வந்தார். அண்ணன் ஒரு கையை நீட்டித் தடுத்து, "நெஞ்சு, நெஞ்சு" என்றார்.

"ஒண்ணியும் ஆவாதுண்ணா. மோட்டாரு ஓடாம கெடந்தாதான் ஜாம் ஆவும்."

"என் நெஞ்சுல காப்பர் கம்பி இல்லடா."

"வேற இன்னா கம்பி வெச்சிருக்காங்க?" என்று ஏழுமலை உண்மையான தொழில் ஆர்வத்தோடு கேட்டார். அண்ணன் ஆட்டோவில் வீடு சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் புதுமனை புகுவிழா. பந்தியில் உட்கார்ந்தோம். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி, அதோடு வேப்பம்பூ ரசம். வேம்பு பூக்கும் காலம் இது. தெருவெல்லாம் அந்தக் கசப்பான வாசம். மாணிக்கம் வடையைக் கைக்குட்டையில் வைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் வல்லத்திலிருந்து வந்திருந்த பெரியவர், ஏழுமலையின் மனைவி செல்விக்குத் தாய்மாமன். அவர் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா சார், வடைக்கு ஒடம்பு சரியில்லயா?"

"எனக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு."

"எத்தினி?"

"ஒண்ணு."

பெரியவர் இரக்கத்தோடு பார்த்தார். பிறகு இடது கையால் சட்டைப் பித்தானைக் கழற்றி, கழுத்திலிருந்து வயிறுவரை இறங்கிய தழும்பைக் காட்டினார். "பைபாஸ். பொளந்துட்டாங்க." இதைச் சொன்ன குரலில் கல்யாண மண்டபம் கட்டியவரின் பெருமிதம் இருந்தது. உடனே பக்கத்து இலைக்காரர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றி ஆரம்பித்தார். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் முழங்கால். பந்தி முழுக்க ஆளுக்கொரு உறுப்பாக எடுத்து வைத்தார்கள். என் வீட்டுக்காரரின் ஒற்றை ஸ்டென்ட் அந்தக் கூட்டத்தில் மிகவும் சாதாரணமாகிவிட்டது. கொஞ்சம் வாடிப்போனார் என்றே சொல்ல வேண்டும். பெரியவர் இரண்டாவது கிண்ணம் பாயசம் கேட்டதும் செல்வி ஓடி வந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

அன்று மாலை கயலின் செய்தி வந்தது. பத்து மணிக்கு மேல் வெயிலில் நின்றால் வைட்டமின் நிறையக் கிடைக்குமாம். செல்வியிடம் போட்டுக் காட்டினேன்.

"பத்து மணி வெயில்ல நின்னா வத்தல் ஆயிடுவீங்கக்கா" என்றாள் செல்வி. "விடியக்காலைல போங்க. வந்து கூழு குடிங்க. மத்தியானம் படுத்துக்குங்க. இதுக்கு இன்னாத்துக்கு லண்டன்லேர்ந்து போனு?"

மூன்றாம் நாள் அதையே செய்தோம். விடியற்காலையில் ஏழுமலை எங்களைக் கோட்டை அடிவாரத்துக்கு நடத்திக் கூட்டிப்போனார். செஞ்சியின் மலைகளை முதலில் பார்க்கும் யாரும், யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொட்டிவிட்டு எடுத்துச் செல்ல மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டு, பூவைத் தரையெல்லாம் பொரிபோல உதிர்த்திருந்தன. மாணிக்கம் கோட்டைச் சுவர்வரை நடந்தார். வழியில் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். கடிகாரம் கறுப்பாக இருக்கும். சார்ஜரை எடுத்து வைக்க நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் கேழ்வரகுக் கூழ். தொட்டுக்கொள்ள மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும். ஒரு சொம்பு குடித்துவிட்டு, "உப்பு அதிகமோ?" என்றார். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொரு சொம்பு குடித்தார். மாலையில் செல்வி வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்து வைத்தாள். இந்தப் பக்கம் அதை மல்லாட்டை என்கிறார்கள். அண்ணனும் தம்பியும் அதை உரித்துக்கொண்டே, எந்த ஊர் டிரைவர் மோசம் என்று வெகுநேரம் பேசினார்கள். தேறி வருகிறார் என்று நினைத்தேன். ஆனால், நாளைக்குக் கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியில் ஏறலாமா என்று ஏழுமலை கேட்டதும் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. "என்னைக் கொல்லப் பாக்குறியா?"

எனக்கு என்னவோ பொறுக்கவில்லை. "நான் ஏறப் போறேன்" என்றேன்.

நான்காம் நாள் காலை. ஏழுமலை கடைக்குப் போக வேண்டியிருந்ததால் எங்களை இறக்கிவிட்டுப் போனார். அடிவாரத்தில் ஒரு புளிய மரத்தடியில் மாணிக்கத்தை உட்கார வைத்து, தண்ணீர், வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் பக்கத்தில் வைத்தேன். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள வந்துடு" என்றார். காவலர் என் தோள்பையைப் பார்த்துவிட்டு, "கொரங்கு இருக்குது, பைய கெட்டியா புடிச்சுக்கம்மா" என்றார்.

ராஜகிரியின் படிகளைக் கட்டியவர்களுக்கு முழங்கால் என்று ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு படி கணுக்கால் உயரம், அடுத்தது தொடை உயரம். இரண்டு படிக்கு ஒரு முறை நின்றேன். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் உட்கார்ந்து, அம்மனிடம் என் முழங்காலைப் பற்றி முறையிட்டேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஏறிவந்த ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவின்மேல் ஒரு சிறு பாலம். அதன் நடுவில் வைத்துத்தான் குரங்கு வந்தது. பையில் செல்வி கொடுத்த மல்லாட்டை இருந்தது. அது குரங்குக்குத் தெரிந்திருந்தது. ஓர் இழுப்பு, பை அதனுடையது. பாறைமேல் உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தது. மாணிக்கத்துக்கு இன்றுவரை அந்த ஜிப்பைத் திறக்கத் தெரியாது. கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டது. தண்ணீர் பாட்டிலை முகர்ந்து வீசியது. அடுத்து என் போனை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, ஒன்றும் சுவாரசியமில்லை என்று முடிவு செய்து பிளவுக்குள் விட்டது. அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்க நேரமெடுத்தது.

அழ வேண்டும் என்றுதான் நினைத்தேன். அழுகை வரவில்லை. மீதி தூரத்தையும் ஏறி உச்சிக்குப் போனேன். அங்கே ஒரு கல் மண்டபம், நான்கு பக்கமும் காற்று. கீழே செஞ்சி ஊர், நெல்வயல், எதிரே மற்ற இரண்டு மலைகள். அப்போதுதான் உறைத்தது: கயலின் குரல் செய்தி வராது, மருந்து நேரத்துக்கு அலாரம் அடிக்காது, "சாரதா, இங்க லேசா குத்துது" என்று யாரும் கூப்பிட முடியாது. குளிர்ந்த கல் தரையில் முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

கீழே நடந்ததை எனக்குப் பிறகு சொன்னார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டியது. மாணிக்கம் என் போனுக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். இறங்கி வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, பச்சைப் புடவைக்காரி ஒருத்தியைப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஒருவர் நின்றார்.

"பச்சப் பொடவயா? மேல மண்டபத்துல ஒரு அம்மா படுத்துனு இருக்குது சார். பசங்க கூப்ட்டுப் பாத்தாங்க, எழுந்துக்கல."

காவலர், "நீங்க இங்கயே குந்துங்க சார், நான் ஆள அனுப்புறன்" என்றார். திரும்பிப் பார்த்தபோது மாணிக்கம் படியில் இருந்தார்.

என் மணிக்கட்டை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்துதான் எனக்கு விழிப்பு வந்தது. கண்ணைத் திறந்தேன். சட்டை முழுக்க நனைந்து, முகம் செக்கச் சிவந்து, என் வீட்டுக்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து எனக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உயிரோட இருக்கியா?"

"தூங்கிட்டிருந்தேன்."

"தூங்..." அவர் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். "தூங்குனியா? இது தூங்குற இடமாடி? வீட்டுல மெத்தை இல்ல? உனக்கு போன் எதுக்கு வாங்கிக் குடுத்தேன்?"

"அது குரங்கு தூக்கிப் போட்டுடுச்சுங்க."

"குரங்குக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்ல!" அந்தச் சத்தத்தில் மண்டபத்தின் மேலிருந்த குரங்குகளே இடம் மாறி உட்கார்ந்தன. அவர் பின்னால் நான்கைந்து கல்லூரிப் பெண்கள் தண்ணீர் பாட்டிலோடு நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்திலிருந்து சுற்றிப்பார்க்க வந்தவர்களாம். கண்ணாடி போட்ட ஒரு பெண் சொன்னாள்: "ஆன்ட்டி, அங்கிள் கீழேர்ந்து உங்கள திட்டினேதான் வந்தாரு. மூச்சு வாங்குறப்ப மட்டுந்தான் நிறுத்துனாரு. நாங்க கைய புடிச்சு உக்கார வெச்சா, உடனே எழுந்துக்குறாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: இந்த மனிதர் இவ்வளவு உயரம் ஏறியிருக்கிறார். அவருடைய இன்னொரு மணிக்கட்டை நான் பிடித்தேன். அவர் என்னுடையதை இன்னும் விடவில்லை. ஆளுக்காள் நாடி பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம்.

"நெஞ்சு வலிக்குதா?"

கண்ணை மூடி, வண்டியில் எங்கே சத்தம் வருகிறது என்று கேட்பதுபோலக் கவனித்தார். "இல்ல."

"மூச்சு?"

"வாங்குது. வாங்காம? எவன் கட்டுனான் இந்த மலைய?"

பெண்கள் தண்ணீர் கொடுத்துவிட்டுப் படம் எடுக்கப் போனார்கள். அவர் மெல்ல எழுந்து மண்டபத்தின் விளிம்புவரை போய்க் கீழே பார்த்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும் குரல் இறங்கியிருந்தது.

"படுத்திருக்கான்னு சொன்னாங்க சாரதா. கூப்பிட்டா எழுந்திரிக்கலன்னு சொன்னாங்க."

காற்று அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வியர்வை என்றார். நானும் என் வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் சொன்னேன்: "ஒரு வருஷமா நான் சரியா தூங்கலங்க. உங்க மூச்சையே கேட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சொல்ல வேண்டியதுதானே?"

"எப்ப சொல்றது? நீங்கதான் தினம் செத்துக்கிட்டிருந்தீங்களே."

இறங்குவது ஏறுவதைவிட மோசம். பாதி தூரத்தில் என் முழங்கால்கள் வேலைநிறுத்தம் செய்தன. அவர் முன்னால் இறங்கி நின்று, என் கையைத் தோளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஆணையிட்டார். "இறக்கத்துல பிரேக்கையே மிதிக்காதே. கியர்ல இறங்கு. கால மடக்கி, சைடு வாங்கி... ஆங்." பேருந்தை நிறுத்தத்துக்குக் கொண்டுவருவதுபோல என்னைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அங்கே ஏழுமலை, சேதி கேட்டுக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கிரீஸ் கையோடு வந்து நின்றார்.

"அண்ணா! நீயா ஏறுன?"

"உங்க அண்ணி மேல தூங்கப் போயிட்டா. எழுப்பக்கூடப் போகலன்னா எப்படி?" என்றார் மாணிக்கம், தினமும் செய்கிற வேலையைச் சொல்வதுபோல.

மறுநாள் காலையில் என்னால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. அவராலும் முடியவில்லை. கிடந்தபடியே முனகினார். நான் பதறிப்போய்த் திரும்பினேன்.

"என்னங்க?"

"தொடை."

"என்னது?"

"தொடை வலிக்குது. ரெண்டும். ஆடுசதையும் போச்சு. இடுப்புல யாரோ கடப்பாறை விட்ட மாதிரி இருக்கு."

ஒரு வருடமாக அந்த உடம்பில் ஒரே ஓர் உறுப்பைப் பற்றிய செய்திதான் எனக்கு வந்துகொண்டிருந்தது. இப்போது மற்றவையும் இருக்கின்றன என்று தெரிந்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு பிடித்துக்கொண்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது, வலித்ததால் இன்னும் சிரித்தார். சூடு பண்ணிய நல்லெண்ணெயோடு வந்த செல்வி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாக்கா, ரெண்டு பேரும் நல்லாதான இருக்கீங்க?"

அவர் கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை எட்டிப் பார்த்தார். மாணிக்கம் அவரை அருகில் கூப்பிட்டார்.

"ஏழுமலை, எதிர்ல இன்னொரு மலை இருந்துச்சே, அது பேர் என்ன?"

"கிருஷ்ணகிரிண்ணா."

"அது இதைவிடச் சின்னதுதானே?"

"முதல்ல பாத்ரூம்வரை போயிட்டு வாங்க" என்றேன் நான்.